பதினோராயிரம் எங்கிருந்து வருகிறது?

திவாலாகிவிடுவது என்று மெத்தைக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை முடிவெடுத்தார். ஏனோதானோ முடிவு அல்ல. பல் தேய்த்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று தலையை வாரியபடியே எடுத்த முடிவு. வீடு வாங்கப் போகிறவன்கூட அவ்வளவு கம்பீரமாக வாசற்படி இறங்கியிருக்க மாட்டான்.

பின்னே என்ன செய்வார் பாவம்? பத்து லட்சத்து இருபதாயிரம் கடன். வங்கிக்கு ஆறு லட்சம். ஃபோம் கம்பெனிக்கு இரண்டு லட்சத்து இருபதாயிரம். வேன்காரர் மூலமாகவே தலையணை சப்ளை செய்யும், இவர் நேரில் பார்த்தேயிராத ஒரு அம்மாவுக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம். கடை வாடகையில் நாலு மாத பாக்கி அறுபதாயிரம். கல்லாவில் அன்றைக்கு இருந்தது எழுநூற்றுச் சொச்சம், அதிலும் ஒரு நோட்டு கிழிசல்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த மிஷின். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஃபோம் வெட்டும் மிஷின் ஒன்றை வங்கிக் கடனில் வாங்கிப் போட்டார். கையால் வெட்டினால் ஒரு நாளைக்கு ரெண்டு மெத்தை, மிஷின் வெட்டினால் இருபது மெத்தை என்று கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். மிஷின் இருபது வெட்டியது. வாங்க வந்தவர்கள்தான் அதே ரெண்டு பேர். போதாததற்கு அது வெட்டுகிற லட்சணத்தில் பாதி ஃபோம் துண்டு துண்டாகக் கழிவில் போனது. வாரத்துக்கு ரெண்டு மூட்டை கழிவு விழுந்த கடையில் இப்போது ஏழு மூட்டை விழுந்தது.

இதெல்லாம் மனைவிக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. ஏனென்றால் மிஷின் வந்து இறங்கிய அன்றைக்கு அந்த அம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "இவ்ளோ பெருசு எதுக்குங்க?" அதற்கு நம்மவர், லாரிக்காரன், கூலியாட்கள், எதிர்வீட்டு அக்கா எல்லோரும் கேட்கிற மாதிரி, "வியாபாரம் உனக்குப் புரியாது, நீ உள்ள போ" என்று சொல்லியிருந்தார். அப்படி ஒரு வார்த்தையை விட்ட வாயை வைத்துக்கொண்டு, "அம்மா தாயே, முழுகிட்டேன்" என்று எப்படிப் போய் நிற்பது? கடை போனாலும் பரவாயில்லை, அவள் முகத்தில் விழிக்கிற உரிமை போய்விடக் கூடாது. அதுதான் அவருடைய பயம்.

வக்கீலம்மாவின் அறை மாடியில், பல் டாக்டருக்குப் பக்கத்தில் இருந்தது. பக்கத்து அறையில் யாரோ "ஆ" என்று அலறிக்கொண்டிருக்க, இங்கே வக்கீலம்மா நான்கு பக்கப் படிவம் ஒன்றை அவர் முன்னால் வைத்தார்.

"மாச வீட்டுச் செலவு எவ்ளோ சார்?"

"பதினெட்டாயிரம் மேடம். ஒண்ணாம் தேதி டாண்ணு கையில குடுத்துடுவேன்."

"அது நீங்க குடுக்கறது. நான் கேக்கறது செலவு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"சோப்பு மாசம் எத்தனை வாங்கறீங்க?"

"சோப்பா? அது இருக்கும் மேடம். எப்பவுமே இருக்கும்."

"எங்கேருந்து வருது?"

"பாத்ரூம்லேருந்து."

"பால்?"

"ஃப்ரிட்ஜ்லேருந்து."

"கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆச்சு?"

"இருபத்திரண்டு."

"சார், கோர்ட்டுல போய் சோப்பு பாத்ரூம்லேருந்து வருதுன்னு சொன்னீங்கன்னா மனுவைத் தூக்கி ஓரமா வச்சுட்டு, உங்களைக் கூர்ந்து பாப்பாங்க. முப்பத்தாறு தலைப்பு இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் மாசம் எவ்ளோன்னு எழுதிட்டு வாங்க. பொய்க் கணக்கு மட்டும் வேண்டாம். அப்புறம், வீட்ல வேற யாருக்காவது வருமானம் இருந்தா அதையும் எழுதணும்."

"யாருக்கு மேடம் வருமானம்? பொண்ணு காலேஜ்ல படிக்கிறா. வீட்டம்மா வீட்லதான் இருக்காங்க."

"சும்மாவா?"

"சும்மாதான்" என்றார் மெத்தைக்காரர், சந்தேகமே இல்லாமல்.

மனைவியிடம் கேட்டால் எதற்கென்று கேட்பாள். ஆகவே கேட்காமல் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மாதம் ரகசிய ஆராய்ச்சி செய்வது என்று தீர்மானித்தார். கடையிலிருந்து அளக்கிற டேப்பை எடுத்து வந்தார். பற்பசையின் நீளத்தைக் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் அளந்தார். குளியல் சோப்பைத் தபால் தராசில் நிறுத்தார். எண்ணெய் பாட்டிலின்மேல் பேனாவால் மெல்லிசாக ஒரு கோடு போட்டு வைத்தார், எவ்வளவு குறைகிறது பார்ப்போமென்று.

மறுநாள் பார்த்தால் எண்ணெய் கோட்டுக்கு மேலே இருந்தது.

ஆள் திகைத்துப் போனார். இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறோம், எண்ணெய் தானாக ஊறுகிற பாட்டில் ஒன்று இருப்பது தெரியாமல் போயிற்றே என்று நினைத்தார். புதுக் கோடு போட்டார். அடுத்த நாள் அதற்கும் மேலே. மூன்றாம் நாள் பாட்டிலில் அவர் போடாத கோடு ஒன்றும் இருந்தது. அதைப் பார்த்ததும் பேனாவை எடுத்துச் சட்டைப்பைக்குள் சொருகிக்கொண்டு நல்லபிள்ளையாக வெங்காயக் கூடைப் பக்கம் நகர்ந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

மனைவி சமையலறை வாசலில் நின்றாள்.

"ஒண்ணுமில்ல. வெங்காயம் பாத்துக்கிட்டிருக்கேன்."

"இத்தனை வருஷமா பாக்காத வெங்காயமா?"

"நல்லா இருக்கு, இல்ல? உருண்டையா."

"எண்ணிக்கிட்டிருந்தீங்க. உதடு அசைஞ்சுது."

"கிலோவுக்கு எத்தனை நிக்கும்னு ஒரு இது. பொது அறிவுதான்."

"இந்த வயசுல பொது அறிவா? எந்தப் பரீட்சை எழுதப் போறீங்க?"

"கடைக்கு வர்றவங்க கேக்கறாங்கம்மா."

"மெத்தை வாங்க வர்றவங்க வெங்காய விலை கேக்கறாங்க?"

"வியாபாரம் உனக்குப்..." என்று ஆரம்பித்துவிட்டு, மிச்சத்தை எச்சிலோடு விழுங்கினார்.

மனைவி அரிவாள்மனையை எடுத்துப் போட்டாள். பிறகு, காய் நறுக்கிக்கொண்டே, கேட்காததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். வெங்காயம் கிலோ நாற்பது, போன வாரம் முப்பத்தஞ்சு. பால் மாசம் ஆயிரத்து எண்ணூறு. அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, பொண்ணு பஸ் பாஸ் இவ்வளவு, துணிசோப்பு மூணு, குளிக்கிற சோப்பு அஞ்சு, அதுல உங்களுக்கு மட்டும் ரெண்டு, ஏன்னா நீங்க தண்ணியிலயே போட்டுட்டு வந்துடறீங்க. மழை மாதிரி கொட்டியது. மெத்தைக்காரருக்கு நினைவில் நிற்கவில்லை. "இதோ வந்துட்டேன்" என்று பாத்ரூமுக்குள் ஓடி, கதவைச் சாத்தி, சின்ன நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

கதவுக்கு வெளியேயிருந்து குரல் வந்தது. "மெதுவா எழுதுங்க. வேணும்னா திரும்பச் சொல்றேன்."

எப்படியோ முப்பத்தாறு தலைப்பும் நிரம்பியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் கூட்டினார். இருபத்தொன்பதாயிரம் வந்தது. கூட்டல் தப்பு என்று மறுபடி கூட்டினார். இருபத்தொன்பதாயிரம். கீழேயிருந்து மேலே கூட்டினார். அப்போதும் அதேதான். மகளின் கால்குலேட்டரைக் கேட்டு வாங்கிக் கூட்டினார். "என்னப்பா கணக்கு?" என்றாள் மகள். "மெத்தை நீள அகலம்" என்று சமாளித்தார்.

அவர் தருவது பதினெட்டு. செலவாவது இருபத்தொன்பது. அப்படியானால் மாதாமாதம் பதினோராயிரம் எங்கிருந்து வருகிறது?

இங்கேதான் ஆளுக்குத் திவாலே மறந்து போயிற்று. கடனாவது கத்தரிக்காயாவது! மண்டைக்குள் ஒரு பூரான் புகுந்த மாதிரி அந்தப் பதினோராயிரம் குடைந்தது. மெத்தைக்கு உறை தைக்கும்போது பதினோராயிரம். வங்கிக்காரர் போனில் கத்தும்போது, "சரிங்க சார், பதினோராயிரம்" என்றார். "எந்தப் பதினோராயிரம்? தவணை பதினாறு!" என்று அவர் இன்னும் கத்தினார்.

கடன் வாங்குகிறாளோ? எதிர்வீட்டு அக்காவைப் பிடித்தார். அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டம்மா உங்ககிட்ட கைமாத்து ஏதாவது வாங்கறாங்களா?"

"யாரு, அவளா? நான்தான் தம்பி அவகிட்ட வாங்கறேன்."

"என்னது!"

"போன மாசம்கூட மூவாயிரம். வட்டி தர்றேன்னேன், வேண்டாம்னுட்டா. தங்கமான பொண்ணு. ஏன் தம்பி, உங்களுக்கு வேணுமா? கேட்டுப் பாக்கட்டுமா?"

"வேண்டாங்கக்கா" என்று அங்கிருந்து கழன்றார். சொந்த மனைவியிடம் கடன் வாங்க எதிர்வீட்டுச் சிபாரிசு!

சரி, அவளுடைய தம்பிதான் கொடுக்கிறான் போலிருக்கிறது என்று மச்சினனுக்குப் போன் போட்டார். சுற்றி வளைத்துக் கேட்டார். அவன் சிரித்தான். "நான் எங்க மாமா குடுக்கறது? என் வண்டிக்கு முன்பணமே அக்கா குடுத்ததுதான். உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது. போனை வைத்துவிட்டு மெத்தைக்காரர் கடையில் இருந்த விலை உயர்ந்த மெத்தைமேல் உட்கார்ந்தார். சிரிப்பு வரவில்லை. நாம் தருகிற பணத்தில்தான் வீடு நடக்கிறது என்று இத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோமே, அப்படி இல்லையாமே என்று வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போல இருந்தது.

புதன்கிழமை பதினோரு மணிக்கு, காஸ் சிலிண்டரை நிறுத்துப் பார்ப்போமென்று வீட்டுக்கு வந்தார். வீடு பூட்டியிருந்தது. தெருமுனையில் ஒரு வேன் நின்றது. அதில் மனைவி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் யாரென்று எட்டிப் பார்த்தார். அது அவருடைய வேன்காரர்! சனிக்கிழமை தோறும் கடைக்கு வந்து கழிவு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர். கழிவை யார் சுமப்பது என்று, அதற்காக மாசம் ஐந்நூறு கூலியும் இவரிடம் வாங்குகிறவர். வியாழக்கிழமை தோறும் அந்த சப்ளைக்கார அம்மாவின் தலையணைகளைக் கொண்டுவந்து இறக்குகிறவரும் அவரேதான்.

மொபெட்டைத் திருப்பினார் மெத்தைக்காரர். வேனுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் விட்டுப் போனார். வேன் ரெண்டு தெரு தாண்டி, ஒரு பழைய லாரி ஷெட்டுக்குள் நுழைந்தது. இவர் மொபெட்டைச் சுவர் ஓரம் சாய்த்துவிட்டு, பூனை போல் உள்ளே போய், மூட்டைகளின் பின்னால் பதுங்கினார்.

பதுங்கிய மூட்டையை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. இருக்காதா? அவர் கடை மூட்டை. உள்ளே நீலமும் ரோஸும் மஞ்சளுமாக அவருடைய மிஷின் கடித்துத் துப்பிய அதே ஃபோம் துண்டுகள். எட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அதைப் பிய்த்துப் பஞ்சுபோல ஆக்கிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் உறைகளில் அடைத்தார்கள். ரெண்டு தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மூலையில் தலையணைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றிலும் நிலா படம் போட்ட சீட்டு. அந்த நிலாவைக் காட்டித்தான் அவர் வாடிக்கையாளர்களிடம், "இது வெளியூர் சரக்குங்க, இந்தப் பக்கம் ஒருத்தனுக்கும் இப்படித் தைக்க வராது" என்று வருஷக்கணக்காகப் பீற்றிக்கொண்டிருந்தார்.

நடுவில், காதில் பென்சிலைச் சொருகிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள் அவர் மனைவி.

கூலி கொடுத்து வெளியே அனுப்பிய குப்பையைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறார் மனுஷன். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் ஆசையாக ஒரு தலையணை தைத்துக்கொண்டு வந்து, "கடையில வச்சுப் பாருங்களேன்" என்றபோது, "வீட்ல தைச்சதை எவன் வாங்குவான்?" என்று அதைத் தூக்கி நாற்காலியில் போட்டது இப்போது ஞாபகம் வந்தது. எவன் வாங்கினான் என்று இப்போது தெரிந்துவிட்டது.

தைத்துக்கொண்டிருந்த ஒருத்தி கேட்டாள். "அக்கா, அந்த மெத்தைக் கடைக்கு இந்த வாரமும் நாற்பது அனுப்பணுமா? பழைய பாக்கியே வரலையே."

"அனுப்பு" என்றாள் மனைவி. "லாட்ஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக மீதியை அங்க தள்ளு. அந்த மனுஷன் நல்லவருதான். கொஞ்சம் விவரம் பத்தாது."

பதினோராயிரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. ஒரு நல்ல ஆராய்ச்சியாளன் அத்தோடு நிறுத்தியிருப்பான். நேரே போய், "என்னம்மா இது!" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் மொபெட்டில் திரும்பி வரும் வழியில் நம்மவருக்கு ஒரு யோசனை உதித்தது. அவருக்கு யோசனை உதித்தாலே ஆபத்து. மிஷின்கூட அப்படி உதித்ததுதான்.

யோசனை இது. திவால் மனு போடுவதற்கு முன்னால் கடன் கொடுத்தவர்களையெல்லாம் ஒரு நாள் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். கேட்க வராதவர்களுக்குக் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது என்றும் சொல்லியிருந்தார். தலையணைக்காரம்மா வருவாளா? எப்படி வருவாள்? வந்தால் குட்டு வெளிப்படும். ஆகவே வாயைத் திறக்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பாள். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் அம்பேல்! கட்டின மனைவிக்குத் தரவேண்டிய கடனையே சட்டப்படி கழிக்கப் போகிற முதல் புருஷன் நான்தான் என்று நினைக்க நினைக்க, வெட்கப்பட்டதெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஆறு வருஷம் ஏமாந்தவன் ஒரே நாளில் சமன் செய்யப் போகிறான்.

சாயங்காலம் மனைவி காபி கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவர் காதுக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்தாள். ரோஸ் கலரில் ஒரு ஃபோம் துணுக்கு.

"என்னதுங்க இது?"

"கடையில மிஷின் ஓட்டினேன் இல்ல, அது."

"கரெண்டே இல்லைன்னு மத்தியானம் போன் பண்ணீங்களே?"

"கரெண்ட் வந்துச்சு. அப்புறம் போச்சு."

"ம்" என்றாள் மனைவி. துணுக்கை ஊதிப் பறக்க விட்டாள்.

வக்கீலம்மாவின் கடிதங்கள் போயின. தலையணைக்காரம்மாவுக்கு விலாசம் இல்லாததால் கடிதத்தை வேன்காரர் கையில் கொடுத்தார் மெத்தைக்காரர். "அண்ணே, நேர்ல குடுத்துடுங்க. முகம் எப்படிப் போகுதுன்னு மட்டும் பாத்து வந்து சொல்லுங்க." வேன்காரர் இவர் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினார். அன்றைக்கும் அதற்கடுத்த நாளும் மனைவியின் முகத்தை இவரே உற்று உற்றுப் பார்த்தார். ஒரு மாற்றமும் இல்லை. சாப்பாட்டில் உப்புகூட சரியாக இருந்தது. ஆஹா, எப்படி அடக்கிக்கொண்டிருக்கிறாள் பார் என்று உள்ளுக்குள் குதித்தார்.

அந்த நாளும் வந்தது. வக்கீலம்மா அறையில் கடன் கொடுத்தவர்களுக்கென்று நாலு நாற்காலி. வங்கி அதிகாரி ஒன்றில், ஃபோம் கம்பெனிக்காரர் ஒன்றில், கடை சொந்தக்காரப் பெரியவர் ஒன்றில். நாலாவது காலி. மெத்தைக்காரர் அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலையணை சப்ளையர் வரலையா?" என்றார் வக்கீலம்மா.

"வர மாட்டாங்க மேடம். எனக்கென்னவோ அப்படித்தான் தோணுது."

"செலவுக் கணக்கு?"

நீட்டினார். பதினெட்டாயிரம். மீதிப் பதினோராயிரம் எப்படி வந்தது என்று கேள்வி வராமலிருக்க, இருபத்தொன்பதைப் பதினெட்டாக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். சோப்பையே எடுத்துவிட்டிருந்தார்.

"நாலு மாசம் வாடகை பாக்கி வச்சிருக்கவரு கூடவா குளிக்காம இருக்கணும்?" என்று வக்கீலம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது.

மெத்தைக்காரர் திரும்பவில்லை. ஆனால் வங்கி அதிகாரி எழுந்து நின்றார். "வாங்கம்மா!" ஃபோம் கம்பெனிக்காரரும் எழுந்தார். முழங்கால் வலிக்காரரான கடை சொந்தக்காரப் பெரியவர்கூட நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டார். யாருக்கு இத்தனை மரியாதை என்று அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். மனைவி. கையில் ஒரு ஃபைல். காதில் பென்சில்.

"மன்னிக்கணும், வேன் கொஞ்சம் லேட்டு" என்று நாலாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். "மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு வர்றதுக்கு நமக்குத் தெரியாதே."

மெத்தைக்காரர் வாய் திறந்தது.

"நீ... உனக்கு எப்போ..."

"பதினோரு மாசமா பாக்கி வைக்கிற கடைக்காரன் சௌக்கியமா இருக்கான்னு எந்த வியாபாரியாவது நம்புவாளாங்க? நீங்க வெங்காயம் எண்ணினப்போ சந்தேகமே தீந்துபோச்சு." குரல் சட்டென்று தணிந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு தினம் பாத்தேன். நீங்க என்னடான்னா கோடு போட்டுக்கிட்டிருந்தீங்க."

 தரையைப் பார்த்தார். திவால் என்றால் என்ன என்று அந்த நொடியில்தான் அவருக்கு நிஜமாகப் புரிந்தது. கடனைத் திருப்ப முடியாததைவிட அது மோசமாக இருந்தது.

மனைவி ஃபைலைத் திறந்தாள். அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் அவர் வேடிக்கைதான் பார்த்தார். வாடகை பாக்கி அறுபதாயிரம் முந்தாநாளே தீர்ந்துவிட்டதாகவும், கடை இனிமேல் அம்மா பெயரில் இருக்கும் என்றும் பெரியவர் சொன்னார். அம்மா கையெழுத்துப் போட்டால் பழைய பாக்கியைப் பத்துத் தவணையில் வாங்கிக்கொள்ள ஃபோம் கம்பெனிக்காரர் ஒத்துக்கொண்டார். மிச்சம் மிஷின் கடன்.

"மிஷினை வித்துடலாமேம்மா" என்றார் வங்கி அதிகாரி.

"ஐயையோ, அதை மட்டும் தொடாதீங்க சார். அது வெட்டற கோணலுக்குத்தான் வாரம் ஏழு மூட்டை வருது. எனக்கு அதுதான் சரக்கு. கடனை அஞ்சு வருஷமா நீட்டிக் குடுங்க, நான் ஜாமீன் போடறேன்."

"அப்போ திவால் மனு வேண்டாமா?" என்றார் வக்கீலம்மா.

"எதுக்கு மேடம்? குடும்பத்துல சோப்பு வாங்கக் காசிருக்கு."

கடை தப்பியது. மானமும் ஏறக்குறையத் தப்பியது. மெத்தைக்காரருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, சிரிப்பும் வந்தது. ஆனாலும் அந்தப் பாழாய்ப்போன குறுகுறுப்பு மட்டும் அடங்கவில்லை. மெல்லக் குனிந்து அவள் காதருகில் கேட்டார்.

"ஏம்மா, அப்போ தலையணை பாக்கி? அந்த ஒரு லட்சத்து நாற்பதாயிரம்? அது என்னாகும்?"

அவள் பதில் சொல்வதற்குள் வங்கி அதிகாரி ஜாமீன் படிவத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்துவிட்டார். "மாச வருமானம்... சரி. சேமிப்பு... சரி. அம்மா, உங்களுக்கு வெளியிலேருந்து வரவேண்டிய பணம் ஏதாவது நிலுவையில இருக்கா?"

"ஒரு லட்சத்து நாற்பதாயிரம் இருக்கு சார்."

"யார்கிட்ட?"

"இதோ, பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கார்."

அதிகாரி பேனாவை நிறுத்தி நம்மவரை ஏற இறங்கப் பார்த்தார். "வசூலாகுமாம்மா?"

மனைவி திரும்பி, இருபத்திரண்டு வருஷத்தையும் சேர்த்து, அவரை நிதானமாக ஒரு பார்வை பார்த்தாள். அவர் சட்டைக் காலர் மடங்கியிருந்ததைச் சரிசெய்துவிட்டாள்.

"வாராக்கடன்னு போட்டுக்கோங்க சார்."